வார்டு மெம்பரும் தேச விஷயமும்

(குமுளியில் நடைபெற்ற அங்கத்தினர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

பாலக்காட்டிலிருந்தும் கோட்டயத்திலிருந்தும், மதுரை, தேனி வழியாகவும் மலையேறி வந்திருக்கிறீர்கள். சென்னை, மும்பை, பெங்களூர், டெல்லி என்று வெளியூர்களில் இருக்கும் அங்கத்தினர்கள் இதை நமது பத்திரிகையில் படிக்கப் போகிறார்கள் என்று காரியதரிசி சொன்னார். ஆகவே குமுளியைப் பார்த்தே இராதவர்களையும் மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

என்ன தலைப்பில் பேசுவது என்ற பேச்சு வந்தபோது நிர்வாகக் குழுவில் இரண்டு கட்சி ஏற்பட்டது. ஜனசேவையைப் பற்றிச் சொல்லட்டும் என்றது ஒரு கட்சி. அதெல்லாம் எப்போதும் கேட்பதுதான், தேச விஷயமாக ஏதாவது பேசட்டும், நதிநீர், காடு, எல்லை என்று எவ்வளவோ இருக்கிறதே என்றது மறு கட்சி. குமுளியில் இந்த இரண்டும் ஒரே ஆசாமியின் தலையில்தான் விழுகிறது, அவரைப் பற்றியே பேசிவிடுகிறேன் என்றேன். அவர்தான் வார்டு மெம்பர். பாலக்காடு மாதிரி நகரசபை உள்ள ஊரில் கவுன்சிலர் என்கிறோம். இங்கே கிராம பஞ்சாயத்து, அதனால் மெம்பர்.

குமுளி இருக்கும் இடத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். கோட்டயத்திலிருந்து ஏறி வரும் சாலை இங்கே வந்து எல்லையைத் தொடுகிறது. செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கினால் லோயர் கேம்ப், கூடலூர், கம்பம். இந்தப் பக்கம் நாலு கிலோமீட்டரில் தேக்கடி. சுற்றிலும் ஏலக்காய்த் தோட்டம். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் தமிழ் பேசுகிறவர்கள். சிலர் மூன்று தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள். சிலர் காலையில் ஜீப்பில் கம்பத்திலிருந்து வந்து சாயங்காலம் திரும்புகிறவர்கள். 1956 நவம்பர் 1-ல் மாநிலங்களைப் பிரித்தபோது செங்கோட்டையும் தோவாளையும் அந்தப் பக்கம் போயின, பீர்மேடும் தேவிகுளமும் இந்தப் பக்கம் நின்றன. கோடு போட்டவர்கள் டெல்லிக்குத் திரும்பிவிட்டார்கள். கோட்டின் மேல் வாழ்கிறவர்களின் ரேஷன் கார்டு, பள்ளிக்கூடம், குடிநீர் எல்லாம் மெம்பர் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தன.

நான் வங்கி உத்தியோகத்தில் இந்தப் பக்கம் இருந்த வருஷங்களில் ஒரு மெம்பரைப் பழக்கமாகத் தெரியும். தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த பெண்மணி. பெயர் வேண்டாம், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. மலையாளிகள் அவரைச் சேச்சி என்பார்கள். தமிழ்க்காரர்களுக்கு அவர் மெம்பரக்கா. காலை ஆறரை மணிக்கே வாசலில் நாலு பேர் நிற்பார்கள். ஒரு பாட்டிக்கு பென்ஷன் நின்றுபோயிருக்கும், காரணம் கேட்டால் வருஷாந்திர மஸ்டரிங்குக்குப் போகவில்லை என்று வரும். ஒருவர் வீட்டு வரியைப் பற்றிக் கேட்பார். ஒருவருக்குத் தெருவிளக்கு. இன்னொருவருக்கு மலையாளத்தில் வந்த நோட்டீஸை யாராவது படித்துச் சொல்ல வேண்டும்.

இந்தக் கடைசிச் சங்கதியைக் கொஞ்சம் கவனியுங்கள். நம் அரசியல் சாசனத்தின் 350-ஆவது ஷரத்து, ஒரு பிரஜை தன் குறையை மாநிலத்திலோ மத்தியிலோ வழங்கும் எந்த மொழியிலும் எழுதிக் கொடுக்கலாம் என்கிறது. 350-ஏ, சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் ஆரம்பக் கல்வி கிடைக்க வசதி செய்யச் சொல்கிறது. மொழிப் பிரச்சினையைப் பற்றி டெல்லியிலும் சென்னையிலும் நடக்கும் விவாதங்களை நாம் ஆவலாகக் கேட்கிறோம். இங்கே அது ஒரு கிழவி கையில் பிடித்திருக்கும் ஒரு தாள். படித்துச் சொல்ல ஆள் இருந்தால் பென்ஷன் வரும், இல்லாவிட்டால் வராது. மெம்பரக்கா படித்துச் சொல்வார், பதிலையும் எழுதிக் கொடுப்பார். பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் இடம் காலியாகவே கிடந்தால் அதற்கும் மனு எழுதுவார். சாசனத்தின் ஷரத்து எண் அவருக்குத் தெரிந்திருந்ததா என்று நான் விசாரித்ததில்லை.

சட்டப்படி மெம்பருக்கு என்ன அந்தஸ்து என்பதையும் சொல்லிவிடுகிறேன். 73-ஆவது அரசியல் சாசனத் திருத்தத்தைப் பின்பற்றிக் கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டம் 1994-ல் வந்தது. தமிழ்நாட்டில் ஊருக்கு ஒரு கிராம சபை, கேரளத்தில் வார்டுக்கு வார்டு கிராம சபை. அதைக் கூட்ட வேண்டியவர் மெம்பர். பத்து சதவிகித வாக்காளர் வந்தால்தான் கோரம். தொடர்ந்து கூட்டத் தவறினால் மெம்பர் பதவியையே இழக்க நேரிடும். 1996 ஆகஸ்ட் 17, சிங்கம் ஒன்றாம் தேதி, ஜனகீய ஆசூத்ரணம் என்ற மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவிகிதம் வரை ஸ்தல ஸ்தாபனங்களுக்குப் போகட்டும் என்று தீர்மானித்தார்கள். அந்த இயக்கத்துக்கு வழிகாட்டும் குழுவின் தலைமையில் இருந்தவர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட். அவருடைய கட்சியை நம்மில் பலர் ஏற்பதில்லை, அது வேறு விஷயம். இந்த ஏற்பாடு மட்டும் கேரளத்தில் ஆட்சி மாறி மாறி வந்தபோதும் நிலைத்துவிட்டது. கிணறா, ரோடா, அங்கன்வாடியா என்று ஒரு வார்டுக்காரர்கள் உட்கார்ந்து பேசினால், அதற்குப் பின்னால் உண்மையான பணம் இருந்தது.

இனி நான் தேச விஷயம் என்று சொன்னதற்கு வருகிறேன்.

தேக்கடியில் படகில் போயிருப்பீர்கள். அந்த ஏரி இயற்கையான ஏரி அல்ல, முல்லைப் பெரியாறு அணையின் நீர்த்தேக்கம். 1886 அக்டோபர் 29-ஆம் தேதி திருவிதாங்கூருக்கும் ஆங்கில சர்க்காருக்கும் 999 வருஷத்துக்குக் குத்தகை எழுதினார்கள். எண்ணாயிரம் ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் ஐந்து ரூபாய். திருவிதாங்கூர் சார்பில் கையெழுத்துப் போட்டவர் திவான் வெம்பாக்கம் ராமையங்கார், நம்மவர். பென்னிகுயிக் துரை கட்டி முடித்து 1895 அக்டோபரில் நீர் கிழக்கே திரும்பியது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அதை நம்பி இருக்கிறது. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து ஜில்லாக்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கின்றன. அங்கே பிள்ளைகளுக்குப் பென்னிகுயிக் என்றே பெயர் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்த ஒரு டீக்கடையில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் துரை படம் மாட்டியிருந்தது.

1979-ல் பாதுகாப்பை உத்தேசித்து நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கினார்கள். 2006 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் 142 அடி வரை தேக்கலாம் என்றது. கேரளம் உடனே சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2014 மே 7-ல் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பாகி, 142 அடி நிலைத்தது. 2021-ல் அணைப் பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. இவையெல்லாம் பேப்பரில் படித்தவை.

பேப்பரில் அவ்வளவாக வராத பக்கம் ஒன்று உண்டு. உபரி நீரைத் திறந்தால் அது முதலில் போவது வள்ளக்கடவு, வண்டிப்பெரியாறு, பிறகு சப்பாத்து, உப்புதறை. இந்த ஊர்களெல்லாம் ஆற்றங்கரையிலேயே இருக்கின்றன. 2018 ஆகஸ்ட் 15 விடியற்காலை, நள்ளிரவு தாண்டி இரண்டரை மணி சுமாருக்கு, வெள்ளத்தின் நடுவே ஷட்டரைத் திறக்க வேண்டி வந்தது. 2021 டிசம்பரில் ராத்திரி வேளைகளில் திறந்தபோது வள்ளக்கடவுப் பக்கத்தில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. அந்த நேரத்தில் கதவைத் தட்டுவது யார்? கலெக்டர் இடுக்கியில், மந்திரி திருவனந்தபுரத்தில், இன்ஜினீயர் அணையில். கதவைத் தட்டுவது மெம்பரும், ஆஷா ஊழியரும், பக்கத்து வீட்டுப் பையன்களும். எந்த வீட்டில் படுத்த படுக்கையாய் ஒருவர் இருக்கிறார், எந்த வீட்டில் பிரசவம் நெருங்கிய பெண் இருக்கிறாள் என்ற கணக்கு வேறு யாரிடமும் இல்லை.

ஆற்றங்கரை மெம்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான். திறப்பதானால் பகலில் திறவுங்கள், முன்கூட்டியே சொல்லுங்கள். அணை பலமாக இருக்கிறது என்பவர்களும், இடிந்துவிடும் என்பவர்களும், இருவருமே சம்மதிக்கக்கூடிய கோரிக்கை அது. இரண்டு மாநில வக்கீல்களும் எத்தனையோ வருஷங்கள் வாதாடிய வழக்கில் இவ்வளவு எளிய ஒரு விஷயத்தைக் கீழிருந்து ஒரு வார்டு மெம்பர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

நான் எந்தப் பக்கம் என்று கேட்பீர்கள். எனக்குக் கம்பத்தில் வயல் வைத்திருக்கும் சிநேகிதர்கள் உண்டு, வண்டிப்பெரியாற்றில் வீடு கட்டியிருக்கும் சிநேகிதர்களும் உண்டு. வயல்காரரின் பயம் உண்மை, ஆற்றங்கரைக்காரரின் பயமும் உண்மை. இருவரில் ஒருவரை ஏமாற்றுக்காரர் என்று பேசுவதை நான் ஏற்கமாட்டேன். அப்படிப் பேசினால் என்ன ஆகும் என்பதை 2011 டிசம்பரில் இதே குமுளியில் பார்த்தோம். சாலை அடைபட்டது, பஸ் நின்றது, கடைகள் தாக்கப்பட்டன. ஏலக்காய் பறிக்க வந்த தமிழ்க் கூலிக்காரர்கள் மூட்டை முடிச்சோடு இறங்கினார்கள். கம்பத்திலிருந்து காய்கறி மேலே வரவில்லை. ஒருவரை ஒருவர் நம்பிப் பிழைக்கும் இரண்டு ஊர்கள் வாரக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்தன. ஏலக்காய் விஷயத்தைப் பாருங்கள். விளைவது இங்கே, பறிக்கிற கை அங்கேயிருந்து வருகிறது, ஏலம் ஒரு நாள் புற்றடியில் என்றால் ஒரு நாள் போடிநாயக்கனூரில். இதை எந்தக் கோட்டால் பிரிப்பது? அந்த வாரங்களில் இரண்டு பக்கத்து ஸ்தலப் பிரதிநிதிகளுக்கும் இருந்த ஒரே பலம், கல்லெறிய நின்ற பையன்களை அப்பா பெயரோடு அடையாளம் தெரிந்ததுதான்.

காட்டு விஷயம் இதைவிடச் சுவாரசியம். பெரியாறு 1978-ல் புலிகள் காப்பகமாயிற்று, 925 சதுர கிலோமீட்டர். காட்டைக் காக்க வேண்டும் என்பதில் நமக்குள் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது. 2022 ஜூன் 3-ஆம் தேதி, தேசியப் பூங்காக்களையும் வனவிலங்கு சரணாலயங்களையும் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குக் கட்டுப்பாட்டு வளையம் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டது. இடுக்கி ஜில்லா கொந்தளித்துவிட்டது. அந்த ஒரு கிலோமீட்டருக்குள் எத்தனை வீடு, கடை, பள்ளிக்கூடம், கோயில், சர்ச், மசூதி இருக்கின்றன என்று காட்டச் சர்க்கார் ஸாட்டிலைட் படத்தை வைத்து ஒரு ரிப்போர்ட் தயாரித்தது. படம் ஆகாயத்திலிருந்து எடுத்தது, மரம் அடர்ந்த மலை, ஏலக்காய்க்கு நிழல் மரம் வேறு. பல வீடுகள் படத்தில் தெரியவேயில்லை. நாற்பது வருஷமாக வரி கட்டுகிற வீடு தேசத்தின் படத்தில் இல்லை என்றால் அந்த வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கும்?

2022 டிசம்பரிலும் 2023 ஜனவரியிலும் பஞ்சாயத்துகளில் உதவி மேஜை போட்டார்கள். மெம்பர்கள் வாலண்டியர் பையன்களைக் கூட்டிக்கொண்டு, கையில் மொபைல் போனோடு வீடு வீடாக ஏறி, போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்து அனுப்பினார்கள். ஸாட்டிலைட் செய்ய முடியாததைக் கால்கள் செய்தன. 2023 ஏப்ரல் 26-ல் சுப்ரீம் கோர்ட் தன் உத்தரவைத் தளர்த்தியது. அந்தக் கணக்கெடுப்பினால்தான் தளர்த்தியது என்று நான் சொல்லவில்லை, சட்டக் காரணங்கள் வேறு இருந்தன. ஆனால் தன் வீடு கணக்கில் ஏறிவிட்டது என்று தெரிந்த அன்றைக்குத்தான் பலர் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

அடுத்தது ஐயப்ப பக்தர்கள். கார்த்திகை முதல் தை வரை இந்த ஊரின் முகமே மாறிவிடும். தமிழ்நாட்டிலிருந்து வரும் வண்டிகள் ஒரே மலைச்சாலையில் ஏறி இறங்க முடியாது. அதனால் சீசனில் நெரிசலைப் பார்த்து, போகிறபோது கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு, கட்டப்பனை வழியாக, திரும்புகிறபோது குமுளி வழியாக என்று ஒருவழிப் பாதை ஆக்குவார்கள். ஏன் எங்களைச் சுற்ற வைக்கிறீர்கள் என்று பக்தர்கள் கோபிப்பார்கள். போகிறபோது நம் ஊரில் நிற்பதில்லையே என்று கடைக்காரர்கள் கோபிப்பார்கள். இரண்டு கோபமும் மெம்பரிடம்தான். கழிப்பறை, குடிநீர், குப்பை, விளக்கு, ஆம்புலன்ஸ் நிற்க இடம் எல்லாம் பஞ்சாயத்துப் பொறுப்பில் வரும். சில ஆயிரம் பேர் வாழ்வதற்கென்று ஏற்பட்ட ஓர் ஊர், இரண்டு மாதத்துக்குத் தேசத்தின் தென்பாதிக்குச் சத்திரமாகிவிடுகிறது.

2011 ஜனவரி 14, மகரஜோதி நாள். வண்டிப்பெரியாறு தாண்டிப் புல்மேட்டில் ஜோதி பார்த்துவிட்டுத் திரும்பிய கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 102 பேர் இறந்து போனார்கள். இருட்டு, பனி, குறுகிய காட்டுப் பாதை. இறந்தவர்களில் மிகப் பலர் தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரப் பிரதேசத்திலிருந்து வந்தவர்கள். 1999-ல் அதே ஜனவரி 14-ஆம் தேதி பம்பையில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். பன்னிரண்டு வருஷ இடைவெளியில் அதே தேதி. இப்போது புல்மேட்டில் தடுப்பு வேலி, விளக்கு, தண்ணீர், மருத்துவ உதவி எல்லாம் முன்கூட்டியே ஏற்பாடாகின்றன. சத்திரம் வழியாகக் காட்டுக்குள் போகிறவர்களைக் குறிப்பிட்ட மணிக்கு மேல் விடுவதில்லை. நம்மில் சிலருக்கு இந்தக் கட்டுப்பாடு பிடிப்பதில்லை, பக்திக்கு மணி பார்ப்பதா என்கிறார்கள். அந்த 102 குடும்பங்களை நினைத்துக்கொண்டு மணி பாருங்கள் என்பேன். தர்ம ஸ்தாபனங்கள் அன்னதானத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை விளக்குக்கும் கழிப்பறைக்கும் கொடுத்தால் புண்ணியம் குறையாது.

சரி, நமக்கு இதில் என்ன? பஞ்சாயத்து, முனிசிபாலிடி எல்லாம் நமக்கு ஒத்துவராத அழுக்குக் காரியம் என்ற நினைப்பு நம் ஜனங்களிடம் எப்போது வந்தது என்று எனக்குப் புரியவில்லை, ஏனென்றால் முன்னே அப்படி இல்லை. பின்னால் கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி 1917 முதல் 1919 வரை சேலம் முனிசிபாலிடியின் சேர்மன். ஹரிஜன வகுப்பைச் சேர்ந்த ஒருவர் சேலம் முனிசிபாலிடிக்கு முதன்முதலாக மெம்பராக வந்ததற்கு முன்னின்றவர் அவர். அந்தக் காலத்து அக்ரஹாரம் அதற்கு என்ன சொல்லியிருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்.

சத்தியமூர்த்தி மத்திய சட்டசபையில் சர்க்காரைத் திணறடித்த பேச்சாளர். அவர் 1939-ல் சென்னை மேயரானார். பட்டணத்தில் குடிதண்ணீர்ப் பஞ்சம், உலக யுத்தம் தொடங்கிவிட்டது, காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்துவிட்டன. யாரை எதிர்த்துப் பேசினாரோ அந்த ஆங்கில சர்க்காரிடமே மன்றாடிச் சம்மதம் வாங்கி, கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கத்துக்கு 1940-ல் அஸ்திவாரம் போட வைத்தார். 1944-ல் அது முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை, 1943 மார்ச்சிலேயே காலமாகிவிட்டார். அவர் பேசிய பேச்சுகளை இன்று எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று தெரியவில்லை. அந்தத் தண்ணீரைச் சென்னை அங்கத்தினர்கள் எல்லாரும் குடித்திருக்கிறீர்கள்.

பாலக்காட்டுக்காரர்கள் இங்கே பலர் இருப்பதால் நம் ஊர்ச் சங்கதியையும் சொல்கிறேன். டி.என். சேஷன் திருநெல்லாயைச் சேர்ந்தவர் என்று நாம் பெருமைப்படாத நாள் கிடையாது. 2024 நவம்பரில் பாலக்காடு சட்டசபை இடைத்தேர்தலை 13-ஆம் தேதி வைத்திருந்தார்கள். அன்று கல்பாத்தி ரதோத்ஸவம். பல தரப்பிலிருந்தும் மனுப் போயிற்று, தேர்தல் கமிஷன் 20-ஆம் தேதிக்கு மாற்றியது. விசுவநாத சுவாமி தேருக்காக டெல்லி தேதியை மாற்றியது என்று எல்லா வாட்ஸப் குழுக்களிலும் கொண்டாடினோம். நல்லது. அதே கல்பாத்தியில் பாரம்பரியப் பகுதி விதிகளால் பழைய வீட்டைச் செப்பனிட, மாற்றிக் கட்ட அனுமதி வாங்குவதில் வருஷக்கணக்காகச் சிரமம் இருந்து வந்திருக்கிறது. தெருவின் அழகும் கெடக்கூடாது, ஒழுகும் கூரையின் கீழே எழுபத்தைந்து வயது மாமியும் இருக்கக்கூடாது. இதற்கு நடுவழி கண்டுபிடிக்க நகரசபைதான் இடம். வார்டு சபை கூடும்போது நம்மவர்கள் எத்தனை பேர் போகிறோம்? தேர் இழுக்க வருகிறவர்களில் நூற்றில் ஒரு பங்கு போனால்கூடக் கவுன்சிலர் நிமிர்ந்து உட்காருவார்.

ஜி-20, காஷ்மீர், ரூபாய் மதிப்பு என்றால் நம் திண்ணைகளில் நிபுணர்களுக்குப் பஞ்சமில்லை. பாராளுமன்றத்தில் 2025 டிசம்பரில் நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக 125 நாள் என்று புதுச் சட்டம் வந்தபோது டெலிவிஷனில் மூன்று நாள் விவாதம் கேட்டோம். மெம்பரிடம் வந்த கேள்வி ஒன்றே ஒன்று: அடுத்த வாரம் வேலை உண்டா, இல்லையா? அதற்குப் பதில் சொல்ல எந்த நிபுணரும் வரவில்லை.

எல்லாரும் தேர்தலில் நில்லுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கேரளத்தில் 941 கிராம பஞ்சாயத்து, பாதி இடங்கள் பெண்களுக்கு. நம் வீட்டு மாமிகள் நின்றால் நன்றாகவே நடத்துவார்கள் என்பது என் அபிப்பிராயம், கல்யாணத்தில் ஐந்நூறு பேரைச் சமாளிக்கிறவர்களுக்கு ஒரு வார்டு பெரிசில்லை. நிற்காவிட்டாலும், மெம்பருக்கு உதவியாகக் கணக்கு எழுத, மனு எழுத, கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போட ரிடையரான நம்மவர்களைவிடத் தகுதியானவர்கள் யார்? வாரத்தில் ஒரு காலை போதும். குடும்பஸ்ரீ பெண்களின் கணக்குப் புத்தகத்தை ஒரு ரிடையர்டு ஆடிட்டர் உட்கார்ந்து பார்த்துக் கொடுத்த ஊர் ஒன்றை எனக்குத் தெரியும். அவருக்கு அந்தத் தெருவில் கிடைத்த மரியாதை உத்தியோகத்தில் இருந்த காலத்தில்கூடக் கிடைத்திருக்காது. ஹரித கர்ம சேனைப் பெண்கள் பிளாஸ்டிக் வாங்க வரும்போது மாதம் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசாமல் கொடுப்பதுகூட ஓர் ஆரம்பம்தான்.

உரை முடிந்த பிறகு அங்கத்தினர்கள் கேள்விகள் கேட்டார்கள். அவற்றில் இரண்டை இங்கே சேர்க்கிறேன்.

மதுரையிலிருந்து வந்த ஒருவர், வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தில் பெயர் இருந்தால் கேரளத்தில் பஞ்சாயத்துக்கும் ஓட்டுப் போடலாமா என்று கேட்டார். இல்லை. 2025 நவம்பரில் தொடங்கிய அந்தத் திருத்தம் தேசியத் தேர்தல் கமிஷனின் பட்டியலுக்கானது. கேரளத்தில் ஸ்தல ஸ்தாபனத் தேர்தலுக்கு மாநிலத் தேர்தல் கமிஷன் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. ஒன்றில் இருப்பவர் மற்றதில் இல்லாமல் போகலாம். 2025 டிசம்பர் 9-ல் இடுக்கியிலும் 11-ல் பாலக்காட்டிலும் ஓட்டுப் போடப் போய்த் திரும்பி வந்தவர்களில் சிலருக்கு இதுதான் நேர்ந்தது. இரண்டிலும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சென்னையில் வேலை பார்க்கும் இன்னொருவருக்கு அப்பா பாலக்காட்டு கிராமத்தில் படுத்த படுக்கை. அம்மா மட்டும் கூட இருக்கிறார். ஆள் வைத்தால் நிற்பதில்லை, என்ன வழி என்று கேட்டார். கேரளத்தில் 2008-ல் பாலியேட்டிவ் கொள்கை வந்ததிலிருந்து ஸ்தல ஸ்தாபனங்கள் மூலம் வீட்டுக்கே நர்ஸ் வரும் ஏற்பாடு இருக்கிறது. கதீட்டர் மாற்றுவது, படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடுவது எல்லாம் செய்வார்கள். ஆஷா ஊழியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதிந்து, டாக்டர் சீட்டுகளின் நகலைக் கொடுக்க வேண்டும், கவுன்சிலரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும். இதையெல்லாம் அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். உங்கள் வீடு எந்த வார்டு என்று கேட்டேன். 2025 மறுவரையறையில் பல இடங்களில் எண்கள் மாறியிருக்கின்றன, விசாரித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். அவருக்குப் பழைய எண்ணும் தெரிந்திருக்கவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டார். அம்மா இரண்டு எண்ணையும் சொல்லி, கவுன்சிலரின் போன் நம்பரையும் கொடுத்தாராம்.